தொடாமல் ஏறும் சார்ஜ்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

1998-இல் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் கங்காதரன் என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். "மிஸ், ரெண்டு கம்பிச்சுருளும் தொட்டுக்கவே இல்லையே, அப்புறம் எப்படி மிஸ் கரண்ட் அந்தப் பக்கம் போகுது?" மின்மாற்றிப் பாடம். பலகை நிறையப் படம் போட்டுச் சொன்னேன். இந்தச் சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் மாறும், அது பக்கத்துச் சுருளில் மின்சாரத்தை எழுப்பும். தலையாட்டினான். உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்தான். "அப்போ எது குறுக்கே வந்தா போகாது மிஸ்?" மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொன்னதாக ஞாபகம் இல்லை.

இன்று ஆவடியில் சபீனாவின் மொபைல் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவன் நினைவுக்கு வந்தான். போனது எதிர்வீட்டுச் சாவித்திரியம்மாவுக்குத் துணையாக. அவருக்கு எழுபத்தொன்று. இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். சார்ஜர் பின்னைச் செருக ஐந்து நிமிஷம் போராடுவார். துளை தெரியாமல் இடித்து இடித்து, போனில் பின் போகும் இடமே ஆடிப்போகிறது.

"டீச்சர், இது மூணாவது தபா," என்றாள் சபீனா. "நானும் புச்சு வெச்சிக் குட்த்துகினே கீறேன், அம்மாவும் ஒடச்சிகினே வர்றாங்க. இன்னொரு தபா ஆச்சுன்னா போர்டே பூடும்."

"நானா உடைக்கிறேன்? கை உடைக்குது," என்றார் சாவித்திரியம்மா.

சிரித்தோம். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. போன சனிக்கிழமை முழுக்க அவர் போன் அணைந்து கிடந்தது. பூனாவில் இருக்கும் மகன் நிர்மல் பதறிப்போய் ராத்திரி எனக்குக் கூப்பிட்டான். "டீச்சர், நான் இங்க செத்துப் பொழைச்சேன். சதுர்த்திக்கு வரேன். முப்பத்தொண்ணாம் தேதி திரும்பறதுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன். அம்மா என்னோட வந்துடட்டும்."

சாவித்திரியம்மாவுக்குப் போக இஷ்டமில்லை. காலமான கணவர் லட்சுமணன் டாங்க் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நெமிலிச்சேரியில் கட்டிய வீடு இது. பூனாவில் பதினாலாவது மாடி. "அங்க யார்கூடப் பேசுவேன் டீச்சர், லிஃப்ட்கூடவா?"

நானே நிர்மலிடம் பேசிப் பார்த்தேன். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான். போன் சரியானதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கூப்பிடுவான். அவன் வரும்வரை ஒரு தடவைகூட 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வரக் கூடாது. அப்படி வராமலே இருந்தால் அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்வான்.

சபீனாதான் வழி சொன்னாள். "ஸ்டிக்கர் மாதிரி ஒண்ணு கீது டீச்சர். போன் முதுகுல ஒட்டிட்டு, அதோட வாலை பின் ஓட்டைல ஒரே ஒரு தபா சொருகிட்டா முடிஞ்சிது. அப்பறம் அம்மா போனை சார்ஜர் தட்டு மேல வெச்சா போதும்."

வயர்லெஸ் சார்ஜிங் என்றாலே விலை உயர்ந்த போனுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அந்த வசதி இல்லாத போனுக்கும் சேர்த்துக்கொள்ளலாமாம். ஊசியில் ஒரு முறை நூலைக் கோத்துவிட்டு உருவாமலே வைத்திருப்பது போல.

9 ஆகஸ்ட், சனி

ஸ்டிக்கர் வந்தது. பழைய போனுக்கு இதில் இரண்டு ரகம் உண்டாம், செருகும் முனை மேலே பார்த்தது, கீழே பார்த்தது. மாற்றி வாங்கினால் சுருள் திரும்பிக்கொண்டு போனையே பார்க்கும். சபீனா சரியான ரகத்தை வரவழைத்திருந்தாள். அட்டை கனம்கூட இல்லை. உள்ளே வட்டமாகச் செம்புச் சுருள். பின் செருகும் துளையைப் புதிதாக மாற்றி, வாலைச் செருகி, முதுகில் ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டினாள். "மெதுவாத்தான் ஏறும். அனலாக் கொதிச்சா எட்த்துடுங்க," என்று இரண்டு தடவை சொன்னாள்.

சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாடம். தட்டின் மேல் போனை வைத்ததும் பச்சை விளக்கு. சாவித்திரியம்மா கைதட்டினார்.

"தொடாமலேவா?"

"தொடாமலே. பாருங்க." நடுவில் ஒரு தாளை வைத்தேன், ஏறியது. கைக்குட்டையை வைத்தேன், ஏறியது. நோட்டு அட்டையை வைத்தேன், அதற்கும் ஏறியது. மூன்று உதாரணம் போதும் என்று தோன்றியது. எப்போதும்போல "வீட்டில் செய்து பாருங்க" என்று முடித்தேன். முப்பத்திரண்டு வருஷமாக எல்லா வகுப்பையும் அப்படித்தான் முடித்தேன், நாக்கு விடமாட்டேன் என்கிறது.

என் கணவர் ஜெயராமன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "எழிலு, பரிசோதனைக் கூடம் மறுபடி திறந்தாச்சா? நான் வேணா பியூனா இருக்கட்டுமா?" என்றார்.

தட்டுக்குச் சாவித்திரியம்மா வைத்த பெயர் தோசைக்கல். "கல்லு மேல வெச்சா ஆச்சு!"

10 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று நானே போய் வைத்துவிட்டு வந்தேன். காலையில் நூறு சதவீதம். நிர்மல் ஏழு மணிக்குக் கூப்பிட்டான், அம்மா எடுத்துவிட்டார். இன்று முதல் அவரே வைப்பார்.

11 ஆகஸ்ட், திங்கள்

நான்கு சதவீதம். ஏன்?

தட்டில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியதாம். காரணம் புரிகிறது. தட்டுக்குள் ஒரு வட்டம், போன் முதுகில் ஒரு வட்டம். ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். கை நடுங்குகிறவர் எப்படி நடு இடம் பார்த்து வைப்பார்? குறை அவருடையது இல்லை, தட்டினுடையது. இன்றைக்கு நானே போய் நடுவில் வைத்துவிட்டு வந்தேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

பீரோவில் இருந்த இரண்டு மரஸ்கேல்களுக்கு மறுவாழ்வு. ஒரு பலகையில் தட்டை ஒட்டி, ஓரங்களில் ஸ்கேல்களை 'ட' வடிவில் ஒட்டினோம். போனைப் பலகையில் எங்கே வைத்தாலும் போதும், மூலைவரை தள்ளினால் தானாக வட்டத்தின் மேல் வட்டம் வந்துவிடும். கேரம் பலகையில் காயைக் குழிக்குத் தள்ளுவது போல.

ஜெயராமன் பசையைத் தடவிக்கொண்டே, "இந்த ஸ்கேல் எத்தனை முட்டியைப் பாத்திருக்கும்?" என்றார். ஒன்றுகூட இல்லை. மேசையைத்தான் தட்டியிருக்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறார்.

மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாவித்திரியம்மாவின் கையிலிருந்து போனை வாங்கி மூலைக்குத் தள்ளிக் காட்டினேன். பச்சை. ஜெயித்தாச்சு.

13 ஆகஸ்ட், புதன்

ஜெயிக்கவில்லை. போன் அணைந்துவிட்டது.

ஏழு மணிக்கு என் போன் அடித்தது. நிர்மல். கோபம்கூட இல்லை அவன் குரலில், அதுதான் கஷ்டமாக இருந்தது. "பரவாயில்ல டீச்சர். நீங்க ரொம்ப மெனக்கெட்டீங்க. டிக்கெட் ரெண்டாவே இருக்கட்டும்."

எதிர்வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "மூலைக்குத் தள்ளித்தான் வெச்சேன் டீச்சர். சாமி சத்தியமா தள்ளினேன்."

எனக்கு என்னமோ ஆயிடுச்சு. "சரியா வெச்சிருந்தா ஏன் ஏறல?" என்று கேட்டுவிட்டேன், வகுப்பில் கேட்கிற அதே குரலில். அவர் முகம் சுருங்கிப்போனது. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

நடுங்குற கையைப் பாத்து கேக்கிற கேள்வியா அது? என்ன டீச்சர் நீ? எவ்வளவு படிச்சு என்ன?

14 ஆகஸ்ட், வியாழன்

நாலு மணிக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க, எங்க வீட்டுக்காரர் பேசாத பேச்சா?" என்று காபி கொடுத்தார்.

பிறகு சொன்னேன்: "நான் ஒண்ணும் தொட மாட்டேன், வாயும் திறக்க மாட்டேன். தினமும் எப்படி வைப்பீங்களோ அப்படி வையுங்க." இத்தனை நாளும் நான் வைத்துக் காட்டினேனே தவிர, அவர் வைப்பதை ஒருநாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பரிசோதனையில் மாணவன் கையைப் பிடித்து நாமே செய்துவிட்டு, இவனுக்கு வந்துவிட்டது என்று மதிப்பெண் போடுவது போல.

வைத்தார். போனை எப்போதும் கழுத்தில் ஒரு துணிப்பையில் மாட்டியிருப்பார். வெளியே எடுத்தால் கை தவறிவிடும் என்று, கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையோடு அப்படியே பலகையில் வைத்து, அழகாக மூலைக்குத் தள்ளினார். ஒரு குறையும் சொல்ல முடியாது.

சிவப்பு. விட்டு விட்டு.

"பையோடவா வைப்பீங்க?"

"துணிதானே டீச்சர்? துணி வெச்சாலும் ஏறும்னு நீங்கதானே காட்டினீங்க."

காட்டினேன், உண்மைதான். பையை எடுத்தேன். சூடாக இருந்தது. பின்பக்கம் ஒரு சின்ன ஜிப். "அதுல ஒண்ணும் இல்ல டீச்சர்," என்று அவசரமாகக் கையை நீட்டினார். அதற்குள் விரலில் தட்டுப்பட்டுவிட்டது. ஐந்து ரூபாய்க் காசைவிடப் பெரிய பித்தளை வில்லை. மேலே ஒரு ஓட்டை, நடுவில் எண்: 2714.

வில்லையை வாங்கி முந்தானையில் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். தொழிற்சாலை வாசலில் லட்சுமணன் தினமும் காட்டிய டோக்கன். ஒரு தடவை தொலைத்துவிட்டு, திட்டு வாங்கி, வேறு வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் குளிருக்கு ஸ்வெட்டரை எடுத்தால் பைக்குள் பழையது. "திருப்பிக் குடுத்தா கேள்வி கேப்பாங்கன்னு பீரோல ஒளிச்சு வெச்சாரு. சர்க்கார் சாமான் இல்லையா? இன்னைக்கும் யாராவது வந்து கேட்டா என்ன பண்றதுன்னு எனக்கு பயம்தான். அவரு போனப்புறம் இங்க வெச்சுகிட்டேன். நிர்மல் பேசறப்போ அவரும் கேட்டுகிட்டு இருக்கட்டுமேன்னு."

அதனால்தான் சபீனாவிடம் கொடுத்தாலும் என்னிடம் கொடுத்தாலும் போனை மட்டும் உருவிக் கொடுத்துவிட்டுப் பையைக் கழுத்திலேயே வைத்துக்கொள்வார்!

உலோகம் குறுக்கே வந்தால் அந்தச் சக்தி போனுக்குப் போகாமல் உலோகத்தைச் சூடாக்குவதில் வீணாகும். தட்டு அதைக் கண்டுபிடித்துச் சிவப்பு காட்டி நின்றுவிடும். அந்தச் சிவப்பு மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தாள், துணி, அட்டை என்று போகிறதை எல்லாம் மேசையில் பரப்பிக் காட்டினேன். போகாத ஒன்றைக் காட்டவில்லை. சமையலறையிலிருந்து ஒரு டப்பா மூடியை எடுத்துவந்து வைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

கங்காதரா, இருபத்தேழு வருஷம் தாமதம். இதோ பதில்.

டோக்கனை எடுத்துவிட்டுப் பையோடு வைத்தோம். பச்சை.

"அப்போ இவரை எங்க வைக்கிறது?" என்றார், உள்ளங்கையில் வில்லையைப் பிடித்துக்கொண்டு. தோசைக்கல்லுக்கு மேலே சுவரில் நாட்காட்டி ஆணி இருந்தது. ஓட்டையில் நூல் கோத்து அதில் மாட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேற்பார்வை பாக்கட்டும். அங்கயும் அதைத்தான் பாத்தாரு."

15 ஆகஸ்ட், வெள்ளி

நூறு. நிர்மலிடம் நடந்ததைச் சொன்னேன். டோக்கன் கதை மட்டும் சொல்லவில்லை, அது அவர் சொல்ல வேண்டியது. "இன்னும் பன்னெண்டு நாள் இருக்குல்ல டீச்சர், பாப்போம்," என்றான். பார்ப்போம் என்றான், அதுவே பெரிசு.

18 ஆகஸ்ட், திங்கள்

நூறு. பட்டாபிராம் பக்கம் நல்ல மழை, மதியம் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. அப்படியும் தாங்கியது.

22 ஆகஸ்ட், வெள்ளி

சபீனா கடையில் தலையைக் காட்டினேன். ஜிப் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "டீச்சர், நான் பாக்காத கேஸா? உறைக்குள்ள சில்லற, மெட்ரோ கார்டு, சாமி டாலரு… அல்லாரும் எதையாச்சும் வெச்சிகினுதான் கீறாங்க. நான்தான் மொதல்லயே கேட்டிருக்கணும்." இனிமேல் ஸ்டிக்கர் ஒட்ட வருகிற எல்லோரிடமும் கேட்பாளாம்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

இதை எழுதும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

நிர்மல் ரயில் காலை ஆறரைக்கு வர வேண்டும். ஏழு மணிக்கு அவன் கூப்பிடவில்லை. சாவித்திரியம்மா கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. எட்டுக்கும் அதேதான், ஒன்பதுக்கும் அதேதான். அதற்குள் நாலு தடவை தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "டீச்சர், அந்தப் பொம்பள அதையே சொல்றா!" ஜெயராமன் ரயில் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொன்னார். மூன்று மணி நேரம் தாமதம். அப்படியும் மனசு கேட்கவில்லை சாவித்திரியம்மாவுக்கு.

பத்தே முக்காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. நிர்மல் பெட்டியோடு இறங்கினான். "போன் செத்துடுச்சும்மா. ட்ரெயின்ல பிளக்கு வேலை செய்யல."

சாவித்திரியம்மா இடுப்பில் கை வைத்தார். அந்தக் கை அப்போது ஆடியதா என்று நான் கவனிக்கவில்லை.

"இதோ பார் நிர்மலு. இன்னொரு தடவை ஸ்விட்ச் ஆஃப்னு வந்தா நேரா பூனாவுக்கு வந்து உன்னை இங்க கூட்டிகிட்டு வந்துடுவேன். டிக்கெட் ரெண்டா போட்டுடுவேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் வாசல் மாமரத்தைப் பார்த்தேன்.

"குடு இப்படி," என்று அவன் போனை வாங்கி, பலகையில் வைத்து மூலைக்குத் தள்ளினார். பச்சை. அவன் போனிலேயே அந்த வசதி இருக்கிறது. வாங்கி ஒன்றரை வருஷம், அவனுக்கே தெரியாதாம்.

ஆணியில் தொங்கியதைப் பார்த்து, "இது என்னம்மா?" என்று கேட்டான். நான் கிளம்பிவிட்டேன்.

27 ஆகஸ்ட், புதன்

சதுர்த்தி. எதிர்வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்தது, கோணல் மாணலாக. தாயும் பிள்ளையும் சேர்ந்து பிடித்தார்களாம். டிக்கெட் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

நிர்மல் கிளம்பினான். வாசலில் பெட்டி ஒன்றுதான் இருந்தது. வியாழக்கிழமையே ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டானாம், அம்மாவிடம் நேற்றுச் சாயங்காலம்தான் சொன்னான். "காலைல ஏழு, ராத்திரி எட்டு, அது மட்டும் மாறாது டீச்சர்," என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்ககிட்ட இன்னும் ரெண்டு ஸ்கேல் இருக்குமா? என் வீட்லயும் ஒரு பலகை வெச்சுக்கலாம்னு," என்றான். இருந்தது. கொடுத்தேன்.

இப்போது மணி எட்டு. எதிர்வீட்டு ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்கிறது. "சாப்ட்டியா? ட்ரெயின்ல பிளக்கு வேலை செய்யுதா?"

பழக்கம் விடவில்லை, வகுப்பை முடித்துவிடுகிறேன். வீட்டில் செய்து பார்: உன் போனை அதன் உறையிலிருந்தும் பையிலிருந்தும் வெளியே எடுத்து, அதன் முதுகுக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறாய் என்று ஒரு முறை பார்.