ஏட்டில் பதினேழு

கோயம்புத்தூர்
20.6.1993

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுடலை எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க நம் லயத்து மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

விளையாட்டு விடுதியில் முதல் நாளே மானம் போயிற்று. இங்கே மைதானம் தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கிறது. எனக்கு நம் தேயிலை ஃபேக்டரிக்குக் கீழே சரிவில் ஆடிப் பழகிய கால். பந்து தானாகப் பள்ளத்துப் பக்கம் இறங்கும் என்று நினைத்து மேட்டைப் பார்த்தே உதைத்தேன். ஒவ்வொரு பந்தும் கோட்டைத் தாண்டி வெளியே போனது. "மலைக்காரா, பந்து ஊட்டிக்குப் போவுது, ஓடிப் புடி!" என்று பையன்கள் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் சரி பண்ணிக்கொண்டேன். இப்போது யாரும் சிரிப்பதில்லை, பந்தை என்னிடம்தான் தருகிறார்கள்.

பூட்ஸ் கடிக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, முட்டை கூட உண்டு. உனக்கும் அம்மாவுக்கும் எடுத்து வைக்க முடிந்தால் தேவலை என்று நினைப்பேன். பிறகு நானே தின்றுவிடுவேன்.

ஜனவரியில் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாநில அணித் தேர்வு. வார்டன் சார் என் பெயரைச் சேர்த்திருக்கிறார். "இதுல தேறிட்டீன்னா படிப்பும் வேலையும் உன்னத் தேடி வரும் கண்ணு" என்றார். வேலை கிடைத்ததும் முதல் காரியமாக உன் முதுகிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்குவேன். அம்மாவுக்கு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை விட்டு வெளியே சொந்தமாக ஒரு வீடு. சிரிக்காதே.

தேர்வுக்கு வயதுச் சான்று வேண்டும். என்னைச் சேர்க்கும்போது எனக்குப் பதினான்கு என்று, நமக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்த சில்வஸ்டர் அண்ணன் வாயால் சொன்னதோடு சரி. நம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எழுதி வாங்கி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கிறதா? என் இடத்தில் யார் ஆடுகிறார்கள்?

உன் தம்பி,
சுடலை


கட்டபெட்டு
11.7.1993

அன்புத் தம்பி சுடலைக்கு,

அக்கா பேச்சி ஆசையோடு எழுதுவது. மாதம் ஒரு கடிதம், அதுவும் ஒரே பக்கம். கை வலிக்கிறதோ ராசாவுக்கு? அம்மா உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். முட்டை வந்த இடத்தில் அழுதாள். தட்டை மைதானம் வந்த இடத்தில் நான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கிறது. சில்வஸ்டர் அண்ணனுக்கு ஃபேக்டரியில் ஞாயிறும் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். அதனால் விசில் இப்போது என் கழுத்தில். அவர் வைத்த சட்டத்தை நான் மாற்றவில்லை. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குப் பந்து இல்லை. வாய்ப்பாடு சொல்லிவிட்டுத்தான் கோட்டுக்குள் கால் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் தன் மகன் மூக்கனைக் கைப்பிள்ளை பார்க்க நிறுத்தி வைத்திருந்தாள் அல்லவா? அவன் பந்துக்காகவே அழுது அடம்பிடித்துப் பள்ளிக்கூடம் திரும்பிவிட்டான். ஏழாம் வாய்ப்பாட்டை லயமே அதிரக் கத்துகிறான். கோல் காப்பதும் அவன்தான். அடுத்த ஜூனில் அவனையும் உன் விடுதிக்கு அனுப்ப அண்ணன் பேசி வைத்திருக்கிறார். உன் இடத்தில் யாரும் உருப்படியாக ஆடவில்லை. நான் மட்டும் கூடை தூக்கப் போகாமல் இருந்திருந்தால் உனக்கே அந்த இடம் கிடைத்திருக்காது, அதை மறந்துவிடாதே.

இனி வயது விஷயம். உட்கார்ந்துகொண்டு படி. பள்ளிக்கூட ஏட்டின்படி வருகிற கார்த்திகையில் உனக்குப் பதினேழு.

உன்னைப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். நாலு வயதில் தொட்டுவிட்டாய். குரங்குக் கை உனக்கு. அம்மா ஆறு என்றாள், அவரும் ஆறு என்று எழுதிக்கொண்டார். கேட்டால், "லயத்துல எல்லாரும் கூட்டித்தான சொல்லுவாங்க. ரெண்டு வருசம் முந்தியே தோட்டத்துல பேரு பதியலாம். வீடு கைய விட்டுப் போவாது" என்கிறாள்.

திட்ட எனக்கு வாய் வரவில்லை. பேர் பதிந்து வேலை செய்கிற ஆள் இல்லாத வீட்டுக்குச் சாவி இல்லை என்பது உனக்குத் தெரியும். அப்பா செத்தபோது அம்மா ஏற்கெனவே நெஞ்சு நோயால் வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தாள். எனக்கு மெய்யாகப் பதினாறு, ஏட்டில் பதினெட்டு. அந்தப் பொய்யால்தான் என் பேர் பதிந்தது, நாம் தெருவுக்குப் போகாமல் இருந்தோம்.

அன்பு அக்கா,
பேச்சி


கோயம்புத்தூர்
2.8.1993

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு ஆடப் போகவில்லை.

வார்டன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எல்லாப் பயலும் வயசக் கொறச்சிட்டு வருவான். கூட்டிப் போட்ட ஆள இப்பத்தான்டா பாக்கறேன்" என்று சிரித்தார். ஆனால் நம்பினார். அம்மா எஸ்டேட் ஆபீசுக்குப் போய், முதலில் சொன்ன வயது தப்பு என்று கையெழுத்துப் போட்டால் போதுமாம். டிசம்பருக்குள் புதுச் சான்று வந்தால் தேர்வுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் கேள். வீட்டை நினைத்த அளவுக்குப் பெற்ற பிள்ளையை நினைத்தாளா? என்னுடைய இரண்டு வருடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்.

சுடலை


கட்டபெட்டு
3.10.1993

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. உன் கடிதத்தை அம்மாவுக்கு நான் முழுதாகப் படிக்கவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள். இனிமேல் இந்த மாதிரி எழுதினால் மலையிறங்கி வந்து உதைப்பேன்.

இருவரும் ஆபீசுக்குப் போனோம். பேரேடு எழுதுகிற ரைட்டர் நல்ல மனிதர்தான். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி வயசு பொய்யின்னு எழுதிக் குடுத்தா அக்கா வயசு என்னன்னு கேப்பாங்களே அம்மிணி. பொய் வயசுல பதிஞ்சதுன்னா பேரையே அடிச்சுப்போடுவாங்க. ஊட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. நல்லா ரோசன பண்ணிட்டு வாங்க."

உள்ளுக்குள் யோசித்து யோசித்து ஒரு மாதம் போய்விட்டது. இப்போது முடிவு பண்ணியாயிற்று. ஆயுத பூசை கழிந்ததும் போய்க் கையெழுத்துப் போடப் போகிறோம். சொன்னது நான் இல்லை, அம்மா. "எம்புள்ள கால நாங் கட்டிப்போட்டேன், நானே அவுத்து விடுறேன்" என்றாள். வீடு போனால் போகட்டும். கட்டபெட்டு கடைவீதியில் ஒரு அறை வாடகைக்குப் பார்க்கலாம், சின்னத் தோட்டங்களில் தினக்கூலிக்குப் போகலாம். எனக்குக் கை இருக்கிறது.

நீ அந்தத் தேர்வில் ஆடு. நான் ஆடாமல் விட்டதையும் சேர்த்து ஆடு.

பேச்சி


கோயம்புத்தூர்
12.10.1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபீசுக்குப் போக வேண்டாம். இந்தக் கடிதம் பூசைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

வார்டன் சாரிடம் போய், ஏட்டில் உள்ளதுதான் சரி, வயதைக் குறைத்துப் பொய் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். "உன்ன நம்புனனேடா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதைத் தாங்க முடியவில்லை. நாளை விடுதியை விட்டுப் போகிறேன்.

இங்கே ஒரு பையனின் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அங்கே வயது கூட இருந்தால் நல்லதாம். அம்மா போட்ட வயது அதற்காவது உதவட்டும். இதைக் குத்திக்காட்டி எழுதவில்லை, அக்கா. அம்மாவைப் பற்றி முன்னால் எழுதியதெல்லாம் கோபம், அவளிடம் சொல்லிவிடு.

பூட்ஸை மூக்கனுக்கு அனுப்ப ஆசை. விடுதிச் சொத்து, கழற்றி வைத்துவிட்டேன். பிள்ளைகள் கேட்டால் எனக்குக் கால் முறிந்துவிட்டது என்று சொல். பொய் சொல்லி ஆட வந்தவன் என்ற பெயரோடு அவர்கள் முன்னால் வந்து நிற்க மாட்டேன்.

சுடலை


கட்டபெட்டு
20.11.1994

அன்புத் தம்பி சுடலைக்கு,

அக்கா பேச்சி எழுதுவது. பொங்கலுக்கு எழுதினேன், சித்திரைக்கு எழுதினேன், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதினேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கம்பெனி முகவரி சரிதான் என்று உன்னைப் பார்த்து வந்தவர்கள் சொல்கிறார்கள்.

இவ்வளவு நாள் இதமாக எழுதினேன். இன்று மனதில் இருப்பதை எழுதுகிறேன். எனக்கு உன்மேல் கோபம். என் வீட்டைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? அம்மாவும் நானும் ஒரு மாதம் அழுது எடுத்த முடிவை ஒரே நிமிடத்தில் உதைத்துத் தள்ளிவிட்டாய். வயதை மறைக்கிற ஊர் என்று சொல்லி, நம் எஸ்டேட்டிலிருந்து இனிமேல் பிள்ளை அனுப்ப வேண்டாம் என்று விடுதியிலிருந்து சில்வஸ்டர் அண்ணனுக்கு எழுதிவிட்டார்கள். மூக்கனுக்கு இருந்த இடமும் போயிற்று. அவன் இன்னும் வருகிறான், வாய்ப்பாடு சொல்கிறான். முன்போலக் கத்திச் சொல்வதில்லை.

உனக்குக் கால் முறிந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு பிள்ளைகூட உன்னைத் தப்பாகப் பேசவில்லை.

ஜூனில் சின்னதுகளைப் பள்ளியில் சேர்க்கும்போது வாசலில் போய் நின்றேன். மெய்யான வயதைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு தாயிடமும் கெஞ்சினேன். கருப்பம்மாள் தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "நாளைக்கு நான் விழுந்துட்டேன்னா ஊட்டுக்கு யாருடி பேரு குடுப்பா, நீயா?" சிலர் மெய் சொன்னார்கள், சிலர் கூட்டித்தான் சொன்னார்கள். அடுத்த வருடமும் போய் நிற்பேன்.

நீ கார்த்திகை தீபத்தன்று பிறந்தவன். வெள்ளிக்கிழமை தீபம். அம்மா எழ முடியாமல் எழுந்து, வாசலில் உன் பேருக்கு அகல் வைத்தாள். எண்ணிப் பார்த்தேன், பதினாறு. அதில் அவள் ஒன்றுகூடக் கூட்டவில்லை. காற்றில் அணைய அணையத் திரும்பத் திரும்ப ஏற்றினாள்.

சுடலை, உனக்குப் பதினாறு முடிந்துவிட்டது. இனி மெய் வயதிலும் அந்தத் தேர்வுக்கு நீ போக முடியாது. கோபித்துக்கொள்ளவும் வெட்கப்படவும் இனி என்ன மிச்சம் இருக்கிறது? அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நீ விட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய வீட்டில் நீ ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

வா. பூட்ஸ் ஒன்றும் வேண்டாம். நம் மைதானம் இன்னும் சரிவாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா,
பேச்சி