பெட்டியில் இரண்டாவது கடிதம்

மண்வாசம் வந்தால் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் முதுகு சில்லிடுகிறது. மழை வாசத்துக்குப் பயப்படுகிறவள் சிலாபத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்றைக்கும் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. கொடியில் காய்ந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தவள், அவற்றைக் கதிரையில் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். பேய்க்கதை கேட்டால் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும். இப்போது அப்படிச் சிரிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் நீதான்.

நம் பழக்கம் தொடங்கியது புத்தளம் டவுனில் ஒரு கணினி வகுப்பில். சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து சிலாபத்தில் தங்கிவிட்ட குடும்பம் என்னுடையது. நீ கற்பிட்டியில் படகு வைத்திருந்தவரின் மகள். நான் "என்னண்டு" என்று கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். நீ "இரிக்கி" என்றால் நான் அதையே நாலு தரம் சொல்லிக்காட்டுவேன். வகுப்பு முடிந்து மற்றவர்கள் சான்றிதழோடு போய்விட்டார்கள். நமக்கு மட்டும் ஒரு எரிச்சல் மிஞ்சியது. கனடாவில் இருந்து என் அண்ணன் தமிழில் அனுப்பும் மின்னஞ்சல்களின் தலைப்பு, நாம் எழுதிய கணினி நிரலுக்குள் வந்ததும் வெறும் கேள்விக்குறிகளாகக் கொட்டியது. ஏன் என்று கண்டுபிடித்தவள் நீ. தலைப்பு நீளமானால் அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்புவார்கள். ஆங்கிலத்துக்கு அதில் ஒரு கெடுதியும் இல்லை. தமிழுக்கு வெட்டு சில நேரம் எழுத்தின் இடுப்பிலேயே விழுந்துவிடும்.

"உடையாமப் போகணும், உடையாம வரணும். அவ்வளவுதானே புள்ள?" என்றாய், ஏதோ சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருகிற வேலை போல. அந்த "அவ்வளவுதானே" நம் இருவரின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. கடைசியில் ஒரு நிரல் நூலகம் உருவானது. கடிதம் அனுப்பவும் வாங்கவும் தெரிந்த நிரல்களின் தொகுப்பு. உலகத்தில் எவரும் எடுத்துத் தங்கள் வேலைக்குள் சேர்த்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசில்லை. நூலகம் என்றதும் உன் வாப்பா, "புத்தக அலுமாரிய எங்க வைக்கப் போற?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

நூலகத்தை எடுக்கிறவர்கள் அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை வேண்டும் அல்லவா. அதையும் நீயே எழுதினாய். சோதனையை ஓட்டுகிறவரின் மின்னஞ்சல் பெட்டியில் இருந்து ஒரு கடிதம் போகும், அதன் பிரதி ஒன்று அவரிடமே திரும்பி வரும். பெட்டியில் ஒரே ஒரு கடிதம், எழுத்து உடையாமல் இருந்தால் வெற்றி. அந்தக் கடிதத்தில் இரண்டே வரிகள்: அஸ்ஸலாமு அலைக்கும். அங்க மழை பெய்யுதா?

அது போய்ச் சேரும் இடமாக நீ உன் சொந்த முகவரியைப் போட்டதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆராவது தன்ர முகவரிய நிரலுக்குள்ள எழுதுவினமோ? உனக்கென்ன விசரோ?"

"எங்கயோ இரிக்கிற ஒருத்தன் நம்மட வேலைய எடுத்து ஓட்டிப் பாக்கிறான் எண்டா, எனக்கு ஒரு ஸலாம் வரட்டுமே. ஒனக்கு ஏன் புள்ள எரியுது?"

விசர்தான் என்றேன், முகவரி அப்படியே நின்றது. ஸலாம் வரத் தொடங்கியது. சில நாள் ஒன்று, சில நாள் பத்துப் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் நீ கல்யாண வீட்டுக்காரி போல முகம் மலர்ந்தாய்.

பிறகு காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். நீ போய்விட்டாய். அவ்வளவு சடுதியாக ஒரு ஆள் இல்லாமல் போகலாம் என்று நான் நம்பவே இல்லை. நூலகத்தின் சாவி என் கையில் மட்டும் மிஞ்சியது. முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவேன், பிழைகளைத் திருத்துவேன், உன் சோதனையை மட்டும் தொடாமல் விட்டிருந்தேன். உன் பெட்டி யாரும் திறக்காமல் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போய் இரண்டு மாதம் இருக்கும், எங்கோ தூர தேசத்தில் இருந்து ஒருவர் இப்படி முறைப்பாடு எழுதினார்: சோதனை தோற்கிறது. பெட்டியில் ஒரு கடிதம் இருக்க வேண்டும், இரண்டு இருக்கின்றன. இரண்டாவது கடிதத்தின் மொழி எனக்குத் தெரியாது, கீழே ஒட்டியிருக்கிறேன், தயவு செய்து யார் இவர் என்று சொல்லுங்கள். ஒட்டியிருந்ததை வாசித்தேன். "வஅலைக்கும் ஸலாம். மழை இல்ல. கச்சான் காத்து அடிக்கிது." அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயர்.

நான் நிரல் எழுதுகிறவள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று பிடிவாதமாக நம்புகிறவள். தானாகப் பதில் போடும் ஏதோ ஒன்றை நீ எழுதி வைத்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பட்டப்பகலில், சோற்றுக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானே சோதனையை ஓட்டினேன். வெளியே நல்ல வெயில். கோப்பையில் பாதிச் சோறு தீருமுன் பதில் வந்தது. "வஅலைக்கும் ஸலாம். இங்க இல்ல. தெக்கால கறுத்துக்கிட்டு வருது. சிலாபத்துக்குப் பெய்யும்."

நான் சிலாபத்தில் இருக்கிறேன் என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. எந்த ஊரின் பெயரும் அதில் இல்லை. நான் வாசலைப் பார்த்தேன். முற்றத்து வெயில் யாரோ பாயைச் சுருட்டுகிற மாதிரிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மண்வாசம் எழும்பியது, தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு தரம் இல்லை, பல தரம் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு சிங்கள அக்கா வேலியால் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்கும் வரை கூப்பிட்டேன்.

அடுத்த நாள் பஸ் ஏறினேன். மதுரங்குளியில் சனம் ஏறி இறங்கியது, பாலாவியில் வேறு பஸ் மாறி, உப்பளங்களையும் வெங்காயத் தோட்டங்களையும் தாண்டி உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உம்மா நீ சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார், இப்போது நீயும் இல்லை. வாப்பா தனியாக வாசலில் கதிரை போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் உன் ஃபோன். நீ அதற்குப் பூட்டுப் போடும் பழக்கமே இல்லாதவள்.

"வாங்க மகள். நேத்து ஒங்கட ஸலாமும் வந்திச்சி, பதில் போட்டன். பாருங்க, அவட கூட்டாளிமார் எத்தின பேரு எண்டு!" என்றார்.

காரணம் கிடைத்துவிட்டது. பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இடம் மாறி நெஞ்சுக்குள் வந்து குந்திக்கொண்டது.

"நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிஞ்ச பொறகுதான் அலுமாரியத் தொறந்தன். ஃபோன சார்ஜுல போட்டுப் பாத்தா ஒரே ஸலாம். வெள்ளக்காரன் பேரு, சீனாக்காரன் பேரு, வாயில வராத பேரெல்லாம் இரிக்கி. எல்லாரும் தமிழ்லதான் எழுதிரிக்காங்க, அவதான் பழக்கியிரிப்பா. எல்லாருக்கும் மழையப் பத்தித்தான் கவல. நம்மட பக்கம் காய்ஞ்ச பூமி எண்டு சொல்லியிரிப்பா போல."

"நீங்கள் ஏன் வாப்பா பதில் போட்டனீங்கள்?" உன்னைப் பார்த்து நானும் அவரை வாப்பா என்றே கூப்பிடப் பழகியவள்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஸலாம் சொன்னா பதில் சொல்லணுமே மகள். கடிதத்துல வந்தாலும் கடமதான். அவக்கு வந்த ஸலாம், அவ இல்ல. அப்ப ஊட்டுல இரிக்கிறவங்கதானே சொல்லணும்? பழசு எல்லாத்துக்கும் ஒவ்வொண்டா எழுதினன். அண்டைக்கு மழ பெஞ்சிச்சா, இல்லையா எண்டு யோசிச்சு யோசிச்சு எழுதினன். அவ கண்ண மூடி மௌத்தான அண்டைக்கும் ரெண்டு ஸலாம் வந்திரிந்திச்சி. அண்டைக்கு நல்ல மழ. நீங்களும் நனைஞ்சிட்டுத்தானே வந்தீங்க. அதையும் எழுதினன்."

நான் வந்தது நிறுத்தச் சொல்லத்தான். ஊர் பேர் தெரியாதவர்களின் பெட்டிகளில் இரண்டாவது கடிதம் விழுந்துகொண்டே இருந்தால் நூலகத்தை யாரும் நம்ப மாட்டார்கள், நீ கட்டியது கைவிடப்பட்டுவிடும். ஆனால் நிறுத்தச் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க உன்னை விசாரிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த மனுஷனிடம், விசாரித்தது ஒருவரும் இல்லை, இயந்திரம் என்று சொல்ல வேண்டும். பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பொய்யில் அவரை விட்டுவிட்டுப் போனால் பிறகு உன் முகத்தில் எப்படி முழிப்பேன்? சொல்லிவிட்டேன். அந்த வரிகளை எழுதியது அவர்கள் இல்லை, நீ என்று. யார் எங்கே ஓட்டினாலும் நீ எழுதி வைத்த அதே வரிகள்தான் புறப்பட்டு வரும் என்று.

வாப்பா ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடல் பக்கத்தில் இருந்து கருவாட்டு வாசம் வந்துகொண்டிருந்தது.

"அப்ப ஸலாம் சொல்றது அவளா?"

"ஓம் வாப்பா."

"அவ பேர்லயே நான் அவளுக்குப் பதில் சொல்லிட்டு இரிந்திரிக்கன்," என்றார் மெதுவாக. பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினார். "இதுல என்ட பேரப் போட்டுத் தாங்க மகள். வாப்பாதான் சொல்றன் எண்டு அவளுக்குத் தெரிய வேணும்."

நான் நிறுத்தச் சொல்லவில்லை. உன் பெயரை அழித்து அவர் பெயரைப் போட்டுக் கொடுத்தேன், போடும்போது அழுதேன். வீடு திரும்பி, நூலகத்தின் அடுத்த பதிப்பில் சோதனை உன் முகவரிக்குப் போகாமல், கணினிக்குள்ளேயே ஒரு போலிப் பெட்டிக்குப் போகிற மாதிரி மாற்றினேன். உன் இரண்டு வரிகளில் கை வைக்கவில்லை. வாப்பாவுக்கு ஃபோன் எடுத்து, இனிக் கடிதம் வராது, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றேன். சரி மகள் என்றார்.

ஒரு வாரம் கழித்து அவரே எடுத்தார். "இண்டைக்கும் மூணு வந்திச்சி."

எனக்கு அது முதலே உறைத்திருக்க வேண்டும். ஒருமுறை வெளியே போன நிரலைத் திருப்பிக் கூப்பிட முடியாது. புதிய பதிப்பை ஒருவரும் ஏற்றாத கணினிகள், யாரும் எட்டிப் பார்க்காத மூலைகளில், நீ எழுதிய பழைய சோதனையை ஓட்டிக்கொண்டே இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது, எவருக்கும் தெரியாது. அவை இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்றும் தெரியாது. வாப்பா காலமாகி, நானும் காலமான பிறகும் எங்கோ ஒரு மூலையில் இருந்து நீ மழையை விசாரிப்பாய். இதை நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையாகப் பயமாக இருக்கிறது.

போன மாதம் வாப்பாவுக்குக் கண்ணில் படர்ந்த வெள்ளையை எடுக்க சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள், மற்றதும் மங்கல்தான். வாட்டுக்குள் போகுமுன் ஃபோனை என் கையில் வைத்தார். "கட்டு அவிழ்க்கிற வரைக்கும் நீங்க சொல்லுங்க மகள். ஸலாம் சும்மா கிடக்கக் கூடாது."

வராந்தாவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் போல ஃபோன் அதிர்ந்தது. யாரோ ஒரு அந்நியனின் பெயர், கீழே உன் வரிகள், ஒரு எழுத்தும் உடையாமல். நான் உங்கள் மார்க்கத்தவள் இல்லை, ஸலாமுக்குப் பதில் சொல்வது எனக்குக் கடமையும் இல்லை. ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் நீ என்னிடம் கேட்ட எதற்கும் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. பக்கத்தில் இருந்த மனுசி விசித்திரமாகப் பார்க்க, கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினேன். "வஅலைக்கும் ஸலாம். இங்க வெயில். வாப்பா சுகமா இருக்கிறார், கண் நாளைக்குத் தெரியும். நான்தான் சொல்லுறன்."

அது எந்தத் தேசத்திலோ ஒரு அந்நியனின் பெட்டியில்தான் போய் விழும் என்று எனக்குத் தெரியும். அந்த நூலகத்தில் பாதியை எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே அனுப்பினேன். பிறகு அந்த வாங்கில் இருந்தபடியே, பொழுது சாயும் வரைக்கும், நீ ஏதாவது பதில் போடுகிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.