ஏழாவது கேள்வியும் ஆம்பூர் சமையல்காரர்களும்

ஜனவரி 8

ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் கணினி நிரல்களை எழுத இரண்டு வகை மொழிகள் உண்டு. ஒன்றில், பொதுப்பொருளை ஒருவர் எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். மற்றதில் பொதுப்பொருளே கிடையாது, செய்தி அனுப்பிக்கொள்வார்கள். இரண்டாவதுதான் மனித மூளையில் சீக்கிரம் ஏறும் என்பது என் கோட்பாடு. முனைவர் பட்டத்துக்காக நான்கு ஆண்டுகளாக வளர்க்கிறேன். ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்கிறார் ஆலன். கணவர்கள் இப்படித்தான்.

ஜனவரி 21

ஆம்பூர் கல்லூரியில் சோதனை. பாதிப் பேருக்கு ஒரு மொழி, பாதிப் பேருக்கு மற்றது, பிறகு தேர்வு. ஏழாவது கேள்வி: கல்யாண வீட்டில் இரண்டு சமையல்காரர்கள். ஒருவர் கையில் கரண்டி, மற்றவர் கையில் சல்லடை. இருவருக்கும் இரண்டும் வேண்டும், கையிலிருப்பதை விடமாட்டார்கள். என்ன ஆகும்?

சரியான விடை: நின்றுகொண்டே இருப்பார்கள். இரு பிரிவிலும் ஏறக்குறைய எல்லோரும் எழுதியது: ஒருவர் கொடுத்துவிடுவார்.

தூபா என்ற மாணவியிடம் கேட்டேன், “விடமாட்டாங்கன்னு போட்டிருக்கே?”

“அதெல்லாம் வுட்டுடுவாங்க மேம். இல்லன்னா மாஸ்டர் ரெண்டு பேரையும் தொரத்திடுவாரு.”

கணினித் துறை அரை நூற்றாண்டாக அஞ்சும் இந்த முட்டுக்கட்டைக்கு ஆம்பூரில் அனுமதி இல்லை.

ஜனவரி 23

ஏழாவதை விட்டுவிட்டால் என் கோட்பாடு மயிரிழையில் ஜெயிக்கிறது. சேர்த்தால் இல்லை. வழிகாட்டி கிறிஸ்டினா மேடம்: “தூக்கிடு இவாஞ்சலின். யாரு கேக்கப் போறா?”

நான் கேட்பேனே. அதுதானே பேஜார்.

பிப்ரவரி 4

தூக்கவில்லை. சமையல்காரர்களுக்குப் பதில் இரண்டு இயந்திரக் கைகளை வைத்து, அதேபோல் இரு பிரிவாகப் படித்த புதிய மாணவர்களிடம் கேட்டேன். இரு பிரிவும் எழுதியது: அப்படியே நிற்கும். மொழியால் வித்தியாசமே இல்லை. எடுத்துக்காட்டில் இருப்பது மனிதனா, இயந்திரமா — அதுதான் எல்லாம்.

போச்சு. நாலு வருஷம். இன்னா பண்றது இப்போ?

கொஞ்சம் அழுதேன். பிறகு கோட்பாட்டின் அடக்க ஆராதனையை நானே நடத்தினேன்: கட்டுரையை முதல் வரியிலிருந்து மாற்றி எழுதினேன். என் கோட்பாட்டை என்னைவிட நேர்த்தியாக யாரும் தோற்கடித்திருக்க முடியாது.

பிப்ரவரி 19

மேடம் படித்தார். “இது ரிஜெக்ட் ஆனா உன் பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். உன் இஷ்டம்.” ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 17

ஏற்றுக்கொண்டார்கள். ‘ஏழாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் உயிர்’ என்று மதிப்பிட்டவர்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆலனுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் முறை அவரே கேட்டார்.

ஜூலை 3

துறைக் கருத்தரங்கு. மேடம் மேடையில் சொன்னார்: “அந்த ஏழாவது கேள்விய மட்டும் விட்டுடாதன்னு நான்தான் இவாஞ்சலின்கிட்ட சொன்னேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பலமாகவே. கரண்டி என் கையில்தான் இருந்தது, கொடுத்துவிட்டேன். இல்லையென்றால் இருவரும் இன்னும் அங்கேயே நின்றிருப்போம்.