குப்பைக்குழியில் கிடைத்த நல்லி எலும்பு

செஞ்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மோனிகாவுக்கு அம்மா எழுதுவது. நைனாவின் இருமல் ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். புனேயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சண்டை போடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

கோட்டைக்குக் கீழே பழைய ஊர் இருந்த இடத்தைத் தோண்டுகிறார்கள், நான் மண் சலிக்கப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா, போன வாரம் தோண்டியது ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய குப்பைக்குழி. தங்கம் கிடைச்சுதா என்று பஸ் ஸ்டாண்டில் கேட்காத ஆள் இல்லை. கிடைப்பதெல்லாம் உடைந்த கண்ணாடி வளையல், கரி பிடித்த சட்டி ஓடு, நத்தைக்கூடு, கருகிய கேழ்வரகு. ஆனால் தோண்டுகிற வேலையை நடத்துகிற அமலா மேடம் ஒவ்வொன்றையும் கவரில் போட்டு நம்பர் எழுதுவார். ராஜா சாப்பிட்டதை எழுதிவைக்க ஆள் இருந்தது, தெருவில் இருந்தவர்கள் சாப்பிட்டதற்கு இந்தக் குப்பையை விட்டால் வேறு சாட்சி இல்லை என்பார். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை மண் அள்ளுகிற பாண்டு நிறைய மாட்டு எலும்பு வந்தது, எல்லாம் ஒரே மாதிரி நீளவாக்கில் பிளந்திருந்தது. எலும்பு படித்தவர் அந்தக் குழுவில் இல்லை, இது எப்படி உடைந்திருக்கும், உங்களில் யாருக்காவது தெரியுமா என்று மேடம் கேட்டார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நம் வீட்டில் நல்லிக்கு உடைப்பது போலவே இருந்தது. சலிக்கிற ஆறு பேருக்கும் தெரியும், எல்லோரும் நம் தெருக்காரிகள்தானே. ஆனால் மேஸ்திரி நிற்கிறான், வேறு தெரு ஆட்கள் நிற்கிறார்கள், சொன்னால் நம் அடுப்பில் என்ன வேகிறது என்று நாமே சொன்னதாகிவிடும். பக்கத்தில் சலித்துக்கொண்டிருந்த விருத்தாம்பாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நானும், நாய் கடிச்சிருக்கும் மேடம் என்று சொல்லிவிட்டேன், அவர் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. எந்தக் காலத்திலோ பிள்ளைக்கு நல்லி உறிஞ்சக் கொடுத்த ஒரு பொம்பளையை நாயாக்கிவிட்டேனே என்று அழுகையாக வந்தது. உன் நைனாவிடம் சொன்னேன். நாம இன்னா துன்றோம்னு ஊருக்குத் தெரியாதா சாமுண்டி, அப்புறம் யாருக்குடி ஒளிக்கிற என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இந்தக் குழியை மூடிவிட்டு அடுத்ததைத் தோண்டப் போய்விடுவார்கள், நோட்டு சென்னைக்குப் போய்விடும், அதற்குள் சொல்லியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

வியாழக்கிழமை கடையில் மாட்டுக் கால் எலும்பு வாங்கிக்கொண்டு நேரே குழிக்குப் போனேன். மேடம், நான் சொன்னது பொய்யி, இதப் பாருங்க என்று கல்லில் வைத்துக் கத்தி முதுகை ஓங்கினேன். அடியே, மொதல்ல ரெண்டு முனையையும் தட்டுடி, நல்லி செதறிடும் என்று விருத்தாம்பாள் கத்தினாள் பார், அவ்வளவுதான், ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் எங்கள் வீட்டில் இப்படி, எங்கள் வீட்டில் அப்படி என்று ஆரம்பித்துவிட்டோம். உடைத்ததைப் பழசோடு சேர்த்து வைத்தால் அச்சு அசல். மேடம் நாய் என்ற வரியை அடித்துவிட்டு, மனிதர்கள் நல்லிக்காக உடைத்தது என்று எழுதி, சொன்னவர் என்று என் பேரையும் போட்டார். நான் விடாமல் மற்ற ஐந்து பேர் பேரையும் எழுத வைத்தேன். அன்று முதல் மேஸ்திரி எங்கள் குடத்தில் தண்ணீர் குடிப்பதில்லை, பாட்டில் வாங்கி வருகிறான். வாங்கட்டும்.

நாளைக்கு இது புத்தகமாக வரும்போது என் பேரும் வரும், உன் ஆபீஸில்கூட யாராவது பார்க்கலாம். அங்கே நீ சைவம் என்று சொல்லிக்கொண்டிருப்பதை உன் தோழி மஞ்சு உளறிவிட்டாள். வேலையிடத்தில் உனக்கு என்ன நெருக்கடியோ கண்ணு, நானே பொய் சொன்னவள், உன்னைத் திட்டமாட்டேன். ஆனால் என் பேரை எடுக்கச் சொல்லாதே, எடுக்கமாட்டேன்.

நீ நூறு வயசு நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் நைனாவுக்கும் எனக்கும் ஆசை. ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுக்காதே. பொங்கலுக்கு டிக்கெட் போட்டதும் போன் பண்ணு. என்ன ஆக்கி வைக்கட்டும் என்று கேட்பேன், பக்கத்தில் யார் இருந்தாலும் குரலைத் தணிக்காமல் கறியின் பேரைச் சொல்லிக் கேள்.

உன் அம்மா,
பீ. சாமுண்டீஸ்வரி