ஏறியாச்சு

பங்குனி, திங்கள்

காலமையே வெயில் கொளுத்துது. பங்குனித் திங்கள், அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போகவேணும். போகேல்லை. காஸ் முடிஞ்சு விறகிலை சமையல். கண்ணெல்லாம் புகை.

வீட்டுக்காரியின்ரை தமையன் வந்தவர். செருப்புக் கழட்டாமல் வாசல்லையே நிண்டார். அப்பவே விளங்கிட்டுது. லண்டனிலை இருக்கிற தங்கச்சி நாங்கள் வாடகைக்கு இருக்கிற இந்த வீட்டை விக்கப்போறாவாம். அங்கை காஸ் பில், கரண்ட் பில், வீட்டுக் கடன் எல்லாம் ஒண்டாய் ஏறிட்டுதாம். வருசப்பிறப்புக்கு முன்னம் எழும்பித் திறப்பைக் குடுக்கட்டாம். "குறை நினையாதேங்கோ பிள்ளை" எண்டார். தேத்தண்ணி குடுத்தன். சீனி போடேல்லை. வேணுமெண்டுதான்.

ஆரோ எங்கையோ குண்டு போட, லண்டனிலை காஸ் விலை ஏற, வட்டுக்கோட்டையிலை நான் சட்டி பானை கட்டுறன். நல்ல உலகம்.

எங்கடை சொந்த வீடு காங்கேசன்துறைப் பக்கம், ஆமி பிடிச்சு வைச்சிருந்து விட்ட காணியிலை, கூரையில்லாமல் நிக்குது. சுவர் எழும்பினதோடை சரி. மேலை பிளேற், கொங்கிறீற் கூரை, போடக் காசு அப்பன் அனுப்பவேணும். என்ரை ஒரே பிள்ளை. இஸ்ரேலிலை ஒரு கிழவரைப் பார்க்கிற வேலை. அங்கை சண்டை.

பின்னேரம் கோல் எடுத்தவன். வீட்டு விசயம் சொல்லத் தொடங்கமுன்னம் சைரன். "அம்மா, இறங்கிறன்." கட். கிழவருக்குப் படி இறங்க ஏலாது, இவன்தான் தூக்கிக்கொண்டு இறங்கவேணும். கறி அடிப்பிடிச்சுது. பேந்து ஒரு வொய்ஸ் மெசேஜ். "ஏறியாச்சு." ஒரு சொல்லுத்தான்.

எனக்கு உடனை மூச்சு வராது. கொஞ்சநேரம் போகவேணும்.

செவ்வாய்

என்ரை மனிசன் பெற்றோல் செட்டு வரிசையிலை. லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினுக்கு டீசல். வெறுங் கானோடை திரும்பி வந்து, என்னிலை எரிஞ்சு விழுந்தார். நானே சண்டை தொடங்கினனான்?

பிறகு பிளேற் கதை. ஓட்டுக் கூரை எண்டால் எப்பவோ முடிஞ்சிருக்கும். அப்பன்தான் ஒரே பிடி. "ஓடு வேண்டாம் அம்மா. பிளேற்தான். மேலை ஏதும் விழுந்தாலும் தாங்கவேணும்." இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "இஞ்சை இனி என்னத்தை விழப்போகுது? தேங்காய்தான்." இண்டைக்குச் சிரிக்கேல்லை.

சீமெந்து, கம்பி, லொறிக் கூலி எல்லாம் சண்டையோடை ஏறிட்டுது. என்ரை தாலிக்கொடி அவனை அனுப்பின நாளிலையிருந்து வங்கியிலை அடகு. கழுத்திலை மஞ்சள் கயிறு. ஆரும் கேட்டால் வேர்வைக்கு அரிக்குது எண்டு சொல்லுறனான்.

ஏறுறது, இறங்கிறது. இது எங்கடை வீட்டுச் சொல்லு. "பங்கருக்குள்ளை போ" எண்டு ஆர் மினைக்கெட்டுச் சொல்லுறது? இறங்கு, காணும். வெளியிலை வந்தால் ஏறியாச்சு. அப்பன் என்ரை இடுப்பிலை இருந்து பழகினவன். அவன் அம்மா எண்டுறதுக்கு முன்னம் சொன்னது இறங்கு எண்டதைத்தான். இவர் அதையும் பகிடியாய்ச் சொல்லுவார்.

புதன்

எங்கடை வீடு கட்டுற ரவி மேசன் கோல். "அக்கா, ஒருக்கால் வந்து பாருங்கோ. அறைச் சுவர் வெடிச்சிருக்கு." பஸ் ரெண்டு மாறிப் போனன். பஸ்ஸிலை ஒரு மனிசி பக்கத்திலை இருந்தவளுக்கு: "எங்கடை பெடியன் கட்டாரிலை வேலை. சம்பளம் வரேல்லை. ஆனா உயிரோடை இருக்கிறான், அது காணும்." நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தன்.

வெடிப்பு மேலையிருந்து கீழை மட்டும். விரல் போகும். அப்பனுக்கெண்டு எடுத்த அறை.

"இது வைரமான நிலமில்லை அக்கா. போட்டு நிரவின மண். கீழை ஏதோ கிடக்கு" எண்டு ரவி. "கிண்டிப் பார்க்காமல் பிளேற் போட்டால் எல்லாம் மண்ணுக்குள்ளை இருந்திடும்."

எனக்கு அந்த இடத்திலையே தெரிஞ்சிட்டுது. கிண்டுங்கோ எண்டன்.

வியாழன்

கிண்டினவங்கள். இத்துப்போன பனங்குத்தி. உரப்பை மண்ணோடை மண்ணாய். பிறகு படி. மண்ணிலை வெட்டின படி, அப்பிடியே இருக்கு.

எங்கடை பங்கர். என்ரை ஐயா வெட்டினது.

ஆமி காணியை விட்டு நாங்கள் திரும்பி வரேக்கை ஒண்டும் இல்லை. வீடில்லை, முருங்கையில்லை, வேலியில்லை. பத்தைதான். கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. கிணத்தை வைச்சுத்தான் அளந்தம், பங்கர் இஞ்சாலை, வீடு அங்காலை எண்டு. கிணத்தை ஆமி பெருப்பிச்சுக் கட்டினது எங்களுக்குத் தெரியாது. அளவு பிழைச்சுப்போச்சு. தள்ளித்தான் கட்டுறம் எண்டு நினைச்சு, பங்கருக்கு மேலையே பிள்ளைக்கு அறை கட்டியிருக்கிறம்.

இவர் "சரி, கல்லுப் போட்டு மூடுவம்" எண்டார். நான் "தொடவேண்டாம்" எண்டு கத்தினன். ரவி பயந்துபோனான். இவருக்குத் தெரியும். தண்ணிப் போத்தலைத் திறந்து கையிலை தந்தார்.

எழுதிவைக்கிறன். தொண்ணூறிலை, பின்னேரம். ஷெல் அடி ஓய்ஞ்சுது. என்ரை தம்பிதான் முதல் ஏறினவன். மேலை நிண்டு, எங்களுக்குக் கேக்கட்டும் எண்டு, "ஏறியாச்சு" எண்டு கத்தினான். சந்தோசமாய்க் கத்தினான். அடுத்தது அப்ப விழுந்தது.

அதுக்குப் பிறகு கன காலம் ஆர் அந்தச் சொல்லைச் சொன்னாலும் நான் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிடுவன். எல்லாத் தாய்மாரும் மகனைத் தம்பி எண்டு கூப்பிடுவினம். எனக்கு அது வாயிலை வரேல்லை. அப்பன் எண்டுதான். அவன் ஏனெண்டு கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

வெள்ளி

விரதம். பூசணிக்காய் நல்லாய் அவியேல்லை.

அப்பன் கோல். கிழவரை மகள்காரி தன்னோடை கூட்டிக்கொண்டு போறாவாம். இவனுக்கு வேறை இடத்திலை வேலை எடுத்துத் தாறாவாம், சம்பளமும் கூட. இல்லாட்டி ஊருக்குப் போறாக்களைப் பதியினமாம், பஸ்ஸிலை எல்லை தாண்டி, அங்காலை பிளேன். ரெண்டிலை ஒண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை சொல்லவேணும். வீடு விக்கிற விசயத்தை நானும் சொன்னன்.

"வா அப்பன்."

"வந்து எங்கை இருக்கிறது? உங்களையும் வீட்டாலை எழுப்புறாங்கள். பிளேற் போடட்டும் அம்மா. பிளேற் போட்டாச்செண்டு சொல்லுங்கோ, அடுத்த நாளே வாறன்."

"நீ வந்தால் காணும். தகரத்துக்குக் கீழை இருப்பம்."

"கொட்டிலிலையும் முகாமிலையும் இருந்தது காணும் அம்மா உங்களுக்கு."

எனக்காகத்தானாம். எனக்கு விசர் வந்திட்டுது. வீடு ஏற ஏற அவன் அங்கை இறங்குறான். ஒரு வரிக் கல்லு இஞ்சை வைச்சால் அவனுக்கு அங்கை இன்னும் ஒரு மாசம். இதை அவனுக்குச் சொல்லத் தெரியேல்லை எனக்கு. அழுதன். அவன் "அழாதேங்கோ அம்மா, சைரன் இல்லாத நேரத்திலையும் அழுதால் எப்பிடி" எண்டு பகிடி விட்டான்.

சனி

ரவி மேசன் சுன்னாகத்திலை ஒரு கனடாக்காரருக்கு வீடு கட்டுறான். பிளேற் போட்டு முட்டு எல்லாம் கழட்டியாச்சு. போனன்.

"ரவி, இதை ஒரு படம் எடு. கீழையிருந்து ஒண்டு, ஏணியிலை ஏறி மேலையிருந்து ஒண்டு."

"ஏனக்கா?"

"அப்பனுக்கு அனுப்ப. எங்கடை பிளேற் எண்டு."

அவன் தலையைச் சொறிஞ்சான். "அக்கா, வந்து பார்த்தால் தெரியும்தானே."

"வந்து பார்க்கட்டும். அதுதான் எனக்கு வேணும்."

எடுத்துத் தந்தான். நல்லாய் வடிவாய் வந்திருக்கு. அனுப்பினன். "பிளேற் போட்டாச்சு" எண்டு வொய்ஸும் போட்டன். குரல் நடுங்கக்கூடாதெண்டு ரெண்டு தரம் அழிச்சுப் போட்டன்.

பதில்: "மெய்யே அம்மா? நேற்றுச் சொல்லேல்லையே? காசு?" முடிஞ்ச பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான், ஆரோ சீட்டுக் காசு தந்தது எண்டன். பிறகு: "எங்கடை ஹோல் இவ்வளவு பெரிசே?" படத்திலை அப்பிடித்தான் தெரியும் எண்டன். அவன் ஒரு பூப் படம் அனுப்பினான்.

இவருக்குச் சொல்லேல்லை.

ஞாயிறு

சாமான் கட்டு. பெட்டி காணாது, கடையிலை பிஸ்கட் பெட்டி கேட்டு வாங்கினன். குத்துவிளக்கு, சாமிப் படம், அம்மி (இவர் தூக்கி இடுப்புப் பிடிச்சுது), அப்பன்ரை பள்ளிக்கூடக் கப் ரெண்டு.

அப்பன் ஒரு மெசேஜும் இல்லை. என்ன முடிவெண்டு தெரியாது. கேக்கப் பயம்.

இவர் கேட்டார்: "அப்பன் என்னவாம்?" தெரியாதெண்டன். பிறகு பொய்யைச் சொல்லிப்போட்டன். ஏசுவார் எண்டு நினைச்சன். அம்மியிலை குந்தியிருந்து பிஸ்கட் பெட்டியைக் கயித்தாலை இறுக்கினார். "நல்ல வேலை செய்தாய்" எண்டார்.

திங்கள்

பின்னேரம் கோல் இல்லை. மெசேஜ் மட்டும்: "இறங்கிறன்."

அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை.

செவ்வாய்

இல்லை. நான் போனிலை அனுப்பினதுக்கு ஒரு கோடுதான் காட்டுது, மற்றக் கோடு விழேல்லை. ரேடியோவிலை ஏதோ ஒரு ஊர்ப் பேர், கட்டடம் இடிஞ்சு ஆக்களைத் தேடுகினமாம். அவன்ரை ஊரோ எண்டு எனக்குத் தெரியாது, பேர் ஒழுங்காய்ச் சொல்லத் தெரியாது எனக்கு.

பொய்யாலை அவனை வெளிக்கிடுத்தினது நான். இருந்த இடத்திலையாவது இருந்திருப்பான், இறங்கியிருப்பான்.

வீட்டிலை நிக்க ஏலேல்லை. காணிக்குப் போனன். ரவி ஆக்கள் இல்லை. பங்கர் திறந்தபடி. படியிலை காலை வைச்சன், மண் இறுக்கமாய் இருந்தது. இறங்கினன். குளிர். முந்தின அதே மணம், ஈர மண்ணும் பழஞ்சாக்கும். கீழை குந்தியிருந்தன், அவனும் எங்கையோ இப்பிடிக் குந்தியிருப்பான் எண்டு. என்ரை தம்பி பக்கத்திலை இருக்கிறமாதிரி. முழங்கால் முட்டுறமாதிரி. நான் அவனைப் பிடிச்சு வைச்சிருந்தன், "ஏறாதை, பொறு, பொறு" எண்டு வாய்விட்டே சொன்னனான். ஆரும் பார்த்திருந்தால் விசரி எண்டிருப்பினம்.

ஏறி வர மனமில்லை. கடைசி பஸ் போகப்போகுது எண்டு ஏறினன்.

புதன்

விடிய இவர் தோட்டத்துக்குப் போயிட்டார். நான் அரிசி களைஞ்சுகொண்டிருந்தன். போன் கத்திச்சுது. வொய்ஸ் மெசேஜ். கை ஈரம், தொடத் தொடத் திறக்கேல்லை. சீலையிலை துடைச்சு அமத்தினன்.

"அம்மா, ஏறியாச்சு."

 வழமைபோலை அடுத்த ஷெல் விழக் காத்து நிண்டன். அது முடியேல்லை, இன்னும் கதைக்கிறான். பின்னாலை ஒரு பொம்பிளை மைக்கிலை என்னவோ சொல்லுறாள்.

"பிளேனிலை அம்மா. சைரன் ஓய பஸ் வெளிக்கிட்டுது, எல்லையிலை போனை வாங்கி வைச்சிட்டாங்கள், இப்பத்தான் தந்தவங்கள். நிப்பாட்டச் சொல்லினம். வந்து முதல் வேலை, பிளேற்றுக்கு மேலை பாய் போட்டு ஒரு நித்திரை. இறங்கினோடனை எடுக்கிறன்."

தோட்டத்துக்கு ஓடினன். இவர் மண்வெட்டியைப் போட்டிட்டு வரம்பிலை இருந்து அழுதார். பேந்து மூக்கைத் துடைச்சுக்கொண்டு, "எந்தப் பிளேற்றுக்கு மேலை?" எண்டார்.

தகரம் எடுக்கவேணும். ஆணி, மரம். ரவிக்குச் சொல்லவேணும். பங்கரை மூடவேண்டாம், அவன் வந்து பார்க்கட்டும், என்ரை தம்பியைப் பற்றி அதுக்குள்ளை வைச்சுச் சொல்லுறன். பொய்க்குப் பேச்சு வாங்குறன், எவ்வளவெண்டாலும் பேசட்டும்.

அரிசி ஊறிக்கொண்டு கிடக்கு. போன் மடியிலை. இவ்வளவு காலமும் ஏறியாச்செண்டு கேக்கக் காத்திருந்தனான். இப்ப இறங்கியாச்சு எண்டு சொல்லவேணும் அவன்.