அரைக் கட்டை இறக்கிய கை

என் பாட்டுக்கார மாப்பிள்ளைக்கு,

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நீ மேல் ஸ்தாயியைப் பிடித்தால் எடப்பாடித் தறிகள் அத்தனையும் நின்று கேட்கும், சங்ககிரி மலை அரை அடி நகர்ந்து உட்காரும் என்று மேடைதோறும் முழங்கிய மகா கீபோர்டு வித்துவான் எழுதுகிறேன். என் தங்கையை உனக்குக் கட்டிக் கொடுத்ததே நம் குழுவுக்குப் பாட ஆள் கிடைத்தான் என்றுதான்.

அந்தப் பெரிய வாய்க்காரன் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. குரல் கம்மத் தொடங்கியதும், பாட்டுக்கு முன்னால் நீ கண்ணைக் காட்டுவாய். நான் பொத்தானை அழுத்திச் சுருதியை அரைக் கட்டை இறக்குவேன். இரண்டு கட்டையில் பாடியவன் ஒன்றரைக்கு வந்தாய், பிறகு ஒன்றுக்கு. கூட்டம் கைதட்டிக்கொண்டுதான் இருந்தது.

"மச்சான், ஊட்டுல சொல்லிப்போடாதே. மிளகு மென்னா சரியாப் போயிரும்" என்றாய்.

"சிங்கத்துக்கு வயசானா கர்ஜனை எறங்கித்தான் வரும் மாப்ளே" என்றேன் நான்.

ஆஸ்பத்திரியில் புற்று என்று சொன்னவர்கள், ஏன் இவ்வளவு தாமதம் என்றும் கேட்டார்கள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் திரும்பவில்லை?

பத்து நாளைக்கு முன்னால் உன் மகள் கவிதா, மாரியம்மன் பண்டிகைக்கு ஒத்திகை பார்க்க வந்தாள். இரண்டாவது பாட்டில் நிறுத்தி, அதே மாதிரி கண்ணைக் காட்டினாள்.

"மாமா, அரைக் கட்டை எறக்கிக்கலாமுங்களா? சளிங்க."

"எத்தன நாளாச் சளி?"

"ஒரு மாசமாங்க."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "எந்திரி சாமி, டாக்டரப் பாத்துட்டு வரலாம்."

"அடுத்த வாரம் மொதப் பாட்டே என்னுதுங்க மாமா!"

"மாரியாத்தாகிட்ட நான் பேசிக்கறேன். அவ எனக்குப் பயப்படுவா."

டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் இரண்டு பக்கமும் சின்ன முடிச்சு; தொண்டையை வருத்திப் பாடிப் பாடி வந்தது. புற்று இல்லை. சில நாள் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அப்புறம் குரல் பயிற்சி.

"நல்ல வேளை, சீக்கிரமாக் கூட்டிட்டு வந்தீங்க" என்றார். வாசலுக்கு வந்து அழுதேன், மாப்பிள்ளை. மேட்டூர் அணை நிரம்பும் அளவுக்கு என்று எழுதத்தான் கை வருகிறது. உண்மையில் கொஞ்சம்தான்.

பண்டிகையில் முதல் பாட்டை வேறொரு பெண் பாடினாள். கவிதா முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் உன் விஷயத்தை என் தங்கையிடம் சொல்லிவிட்டேன். இப்போது அந்த வீட்டில் என்னோடு பேசாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி டாக்டர் சொல்லி. இன்னொருத்தி நம்மால்.

கவிதாவுக்குப் பழைய குரல் முழுதாகத் திரும்புமா, தெரியாது. ஆனால் இனி யார் கண்ணைக் காட்டினாலும், ஏன் என்று எல்லோர் காதிலும் விழக் கேட்காமல் இந்தக் கை அந்தப் பொத்தானுக்குப் போகாது.

உன் சுருதியை இறக்கிய மச்சான்,
கவிதாவின் தாய்மாமன்