நான் இரண்டு தரம் திருப்பி அனுப்பிய மருத்துவிச்சி அக்காவுக்கு

என்றைக்கும் எங்கள் வீட்டு ஆளான அக்காவுக்கு,

நீங்கள் கண்மூடி முப்பத்தொரு நாள்; இன்று உங்கள் அந்தியேட்டி. கமலமும் நானும் கீரிமலைக்கு வந்து, உங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று முழுகினோம். வீட்டுக்கு வந்ததும், "மனசில கிடக்கிறதை அக்காவுக்கு எழுதுங்கோவன்" என்றாள் கமலம். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து. பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

எங்கள் மகள் நிர்மலா பிறந்தபோது புத்தூரில், தோட்டக்காரரின் காணி மூலையில் ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். உதவிக்கு உறவு சனம் இல்லை. பிள்ளை பிறந்த வீடு துடக்கு வீடு, தீட்டு. அதுவும் எங்களைப் போன்றவர்களின் வீடென்றால், பெரிய இடத்து ஆட்கள் வாசலுக்கே வரமாட்டார்கள். நீங்கள் வந்து, உள்ளே நுழையவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் சங்கடப்படக் கூடாதே என்று, நானே ஒழுங்கை முகப்பில் காவல் நின்றேன்.

"தாய் எப்பிடித் தம்பி?"

"நல்ல சுகம் அக்கா. நீங்கள் மினக்கெடாதேங்கோ."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். உங்களுக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. இரண்டு நாள் கழித்து வந்தபோதும் அதே மரியாதை. மூன்றாம் தரம் நீங்கள் சைக்கிளை விட்டு இறங்கினீர்கள்.

"பிள்ளை பெத்தது நீரோ, அவவோ?"

"அவதான்."

"அப்ப அவவைக் கதைக்க விடும். இந்தச் சைக்கிளைப் பிடியும்."

சைக்கிளைப் பிடித்தபடி கொட்டில் வாசலில் நின்றேன். உச்சி வெயிலில் கமலம் சாக்கைப் போர்த்து நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

"எத்தினை நாளாக் காய்ச்சல்?"

"நாலு நாள்."

"நான் வந்தனான்தானே. ஏன் சொல்லி அனுப்பேல்லை?"

"நீங்கள் வரேல்லையெண்டு இவர் சொன்னவர்."

அந்த நேரம் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்குப் பதிலாக இரண்டு அடி போட்டிருக்கலாம். சந்தியில் ஒரு காரை மறித்து, கமலத்தை மடியில் சாய்த்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் தாய் இல்லை என்று டாக்குத்தர் சொன்னார். என்னுடைய மரியாதை அவ்வளவு தூரம் போயிருந்தது.

பிறகு கிழமைக்கிழமை வந்து, பாயில் இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள். ஒரு நாளும் ஏசவில்லை. சந்தையில் கண்டால் மட்டும், "சுகமோ தம்பி? வேண்டாம், நீர் சொல்லாதேயும். கமலத்திட்டைக் கேக்கிறன்" என்பீர்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரிப்பது கமலம்.

இப்போது எங்களுக்குச் சொந்தமாக இரண்டு பரப்புக் காணி இருக்கிறது. நிர்மலா எட்டாம் வகுப்பைத் தாண்டிவிட்டாள்; வீட்டில் என் படிப்புக்கு இனி மதிப்பில்லை.

போன கிழமை, எங்கள் பழைய கொட்டிலில் இப்போது இருக்கும் பூமணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். "எனக்கு ஆர் அண்ணை வரப்போயினம்?" என்றாள். அடுத்த நாள் காலையே கோப்பாய்க்குப் போய், புதிதாக வந்திருக்கும் மருத்துவிச்சிப் பிள்ளையிடம் சொன்னேன். அவ வந்தா. பூமணியோடு ஒரு மணித்தியாலம் இருந்தா. அவவுக்கு உங்களைத் தெரியுமோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறா. மழை வந்தாலும், பஸ் ஓடாவிட்டாலும், பூமணியைக் காத்துக் கிடக்க விடமாட்டேன் அக்கா. நானே போய் அந்த மருத்துவிச்சிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

கமலத்தைப் போலவே உங்களால் பிழைத்த
உங்கள் தம்பி,
கந்தையா